சீமெண்ணெய் டின் வந்த வழி

எண்ணெய் வரலாறு – 9

சென்ற வாரம் எட்வின் டிரேக்கைப் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் விட்டுவந்தோம். 1859 ஆகஸ்ட் 27 அன்று அவர் போட்ட துளையில் 69½ அடி ஆழத்தில் எண்ணெய் ஊறியது. அந்தச் செய்தி மதுரைப் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்ததோ இல்லையோ, எண்ணெய் வந்தது. அது வந்த வழியைப் பார்க்க, தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகே உள்ளே திரும்பி, கீழக்குயில்குடிக்குப் போவோம். எண்ணெய்க்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு சொட்டுகூடக் கிடைக்காத ஊர் என்பதுதான் சம்பந்தம். எண்ணெய் எடுத்த ஊர்களைப் பற்றியும் எடுத்துக் கோடீஸ்வரரானவர்களைப் பற்றியும் அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கி எரித்தவர்களைப் பற்றி யாரும் அவ்வளவாக எழுதவில்லை.

ஏன் கிடைக்காது என்பதற்கு விடை ஊரின் தலைமாட்டிலேயே நிற்கிறது. சமணர் மலை பழம்பெரும் நைஸ் பாறை. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, நசுங்கி, உருமாறி மேலே வந்தது. பெட்ரோலியம் உண்டாவதற்குக் கடலடியிலோ ஏரியடியிலோ நுண்ணுயிர்கள் படிந்து, அவற்றின்மேல் சேறும் மணலும் அடுக்கடுக்காக மூடி, இளஞ்சூட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்க வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள பாறைகள் பட்ட சூட்டில் எண்ணெய் இருந்திருந்தாலும் மிஞ்சியிருக்காது. படிவுப் பாறைகளைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே கடலை நோக்கிப் போக வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தில் இன்று இயற்கை எரிவாயு எடுக்கிறார்கள். கீழக்குயில்குடிக்கு மிக அருகில் பூமியிலிருந்து எரிபொருள் வருவது அங்கேதான்.

இந்த மலைக்கு வருகிறவர்கள் அடிவாரத்துத் தாமரைக்குளத்தையும் அய்யனார் கோயிலையும் பார்த்து, செட்டிப்புடவில் தீர்த்தங்கரரைக் கும்பிட்டு, பேச்சிப்பள்ளத்துச் சிற்ப வரிசையோடு பெரும்பாலும் இறங்கிவிடுகிறார்கள். இன்னும் மேலே ஏறினால் உச்சிப் பாறையில் ஒரு விளக்குத் தூண் உண்டு. அருகே கன்னட எழுத்தில் சில துறவிகளின் பெயர்கள். கர்நாடகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்தவர்கள் மலையுச்சியில் விளக்கேற்ற, எரிபொருளைத் தூரத்திலிருந்து கொண்டுவந்திருக்கத் தேவையில்லை. நெய் என்றால் கீழே மேய்ந்த ஆடு மாடுகளின் நெய். எண்ணெய் என்றால் இலுப்பை, ஆமணக்கு, புங்கை, வேம்பு என்று இந்தச் சமவெளியில் விளைந்த ஏதோ ஒன்று. கோயில்களில் நந்தா விளக்கெரிக்க ‘சாவா மூவாப் பேராடுகள்’ விட்டுக்கொடுத்த செய்தி நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளில் இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது பல இடங்களில் காணும் கணக்கு. எரிபொருள், அதை உண்டாக்கும் ஆள், எரிக்கும் இடம் மூன்றும் ஒரே கூப்பிடு தூரத்தில் இருந்த காலம் அது. கூடவே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: அந்த வெளிச்சம் கோயிலுக்கும் சமணப் பள்ளிக்கும்தான் இரவு முழுக்க இருந்தது. சாதாரணக் குடிசையில் பொழுது சாய்ந்ததும் அடுப்பு வெளிச்சமே மிச்சம். இலுப்பெண்ணெய்க் காலத்தைப் பொற்காலமாக வர்ணிப்பவர்களை நான் நம்புவதில்லை.

மண்ணெண்ணெய் இந்த நிலையை மாற்றியதற்குக் காரணம் அதன் நீர்த்த தன்மை. தாவர எண்ணெய் கெட்டி. திரியில் ஓரிரு விரற்கடைக்கு மேல் ஏறாது. அதனால்தான் அகல் ஆழமில்லாமல் அகன்றிருக்கிறது. மண்ணெண்ணெய் நீண்ட பட்டைத் திரியில் சரசரவென்று ஏறும். மேலே ஒரு கண்ணாடிச் சிம்னியை வைத்துவிட்டால் சூடான காற்று மேலெழும்பிக் கீழிருந்து புதுக் காற்றை இழுக்கும். சுடர் ஆடாது, புகையும் குறையும். விலையும் மலிவு. செக்கு ஆட்டி விளக்கெண்ணெய் விற்றவர்களால் இதோடு போட்டிபோட முடியவில்லை. விளக்குக்கான எண்ணெய் வியாபாரம் ஒரு தலைமுறைக்குள் அவர்கள் கையைவிட்டுப் போனது.

முதலில் வந்தது அமெரிக்கச் சரக்கு. ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில், மண்ணெண்ணெயைத் தகர டின்களில் அடைத்து, இரண்டிரண்டாக மரப்பெட்டியில் வைத்துக் கப்பலேற்றியது. ஒரு டின் சுமார் 18 லிட்டர். 1870-களின் நடுவிலேயே மதுரைக்கு ரயில் வந்துவிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தோடும் இணைந்துவிட்டது. எனவே கடல் தாண்டி வந்த டின் மதுரைக் கடைவீதி வரைக்கும் இரும்புப் பாதையிலும், அதற்கப்பால் மாட்டுவண்டியிலும் போனது. அடுத்துப் போட்டிக்கு வந்தவர் லண்டன் வியாபாரி மார்கஸ் சாமுவேல். டின்னில் அடைக்காமல் எண்ணெயைக் கப்பலின் வயிற்றிலேயே ஊற்றிக் கொண்டுவந்தால் செலவு பாதி என்று கணக்குப் போட்டு, ‘முரெக்ஸ்’ என்ற கப்பலைக் கட்டி, 1892-இல் ருஷ்யாவின் பாட்டூம் துறைமுகத்திலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக அனுப்பினார். ஷெல் கம்பெனியின் தொடக்கம் அதுதான். எண்ணெய் மலிவாக வந்து இறங்கியது. ஆனால் ஆசியச் சந்தைகளில் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. விசாரித்துப் பார்த்ததில் ஜனங்களுக்கு எண்ணெயோடு டின்னும் வேண்டியிருந்தது என்று தெரிந்தது! ஸ்டாண்டர்டின் நீல டின்னைக் கூரைக்கும் குவளைக்கும் வாளிக்கும் பயன்படுத்திப் பழகியிருந்தார்கள். சாமுவேல் பிறகு அந்தந்த ஊரிலேயே டின் செய்ய ஆலை போட்டுச் சிவப்பு வண்ணம் அடித்தார்.

நம் பக்கத்திலும் மண்ணெண்ணெய் டின் தீர்ந்தபின்தான் பிழைக்கத் தொடங்கியது. வாயை வெட்டி மரக்கட்டை அடித்தால் தண்ணீர் சுமக்கும் வாளி. இரண்டைக் காவடித் தண்டில் தொங்கவிட்டால் கிணற்றடியிலிருந்து ஒரு நடைக்கு 36 லிட்டர். பிரித்துத் தட்டினால் கதவுக்கும் தாழ்வாரத்துக்கும் தகரம். அரிசியை எலியிடமிருந்து காக்கவும் அதுவே. மண்பானையும் மூங்கில் கூடையும் புழங்கிய வீட்டுக்குள் கம்பெனி முத்திரை குத்திய உலோகம் இலவசமாக நுழைந்தது இப்படித்தான்.

மூன்றாவது கம்பெனிதான் நம் கதையில் நீண்ட நாள் இருக்கப்போகிறது. 1886-இல் பர்மா ஆயில் கம்பெனி பதிவானது. யெனாங்ஜாவுங் என்ற இடத்தில் பர்மியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் தோண்டிய கிணறுகளில் கயிறு கட்டி இறங்கி எண்ணெய் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி அங்கே இயந்திரத் துளை போட்டு, ரங்கூனுக்கு எதிரே சிரியத்தில் சுத்திகரித்து, இந்தியக் கரையெங்கும் அனுப்பியது. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம் என்பதால் அது ‘உள்நாட்டு’ எண்ணெய். செட்டிநாட்டு நகரத்தார் ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்ததும், தமிழ், தெலுங்குக் கூலிகள் கப்பலேறியதும் நமக்குத் தெரியும். அதே கடல் வழியில் எதிர்த்திசையில் நம் வீட்டு விளக்குக்கான எண்ணெய் வந்தது.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னையைச் சுட்ட கதையைக் கேட்காத தமிழர் இல்லை. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் முதலில் குறிவைத்தது எதை என்பது மட்டும் கதையில் பல நேரம் விட்டுப்போகும். துறைமுகத்தில் நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைத்தான். அரை மணி நேரத்துக்குள் லட்சக்கணக்கான காலன் மண்ணெண்ணெய் எரிந்துபோனது. தென்னாட்டின் அரிக்கேன் விளக்குகளுக்குப் போக வேண்டிய எண்ணெய் ஒரே இரவில் சென்னையின் வானத்தில் எரிந்தது.

அதே 1914-இல் கீழக்குயில்குடிக்கு வேறொரு இருட்டு வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்ட கள்ளர் ஊர்களில் முதலாவது இதுதான். பிறகு பிரமலைக் கள்ளர் நாடு முழுவதற்கும் அது பரவி, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர்த் துப்பாக்கிச் சூட்டில் போய் நின்றது. ஊர்மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்பார்கள். கைரேகை பதிந்த ஆண்கள் இரவில் வீட்டில் படுக்க உரிமையில்லை. காவல் நிலையத்திலோ குறித்த இடத்திலோ போய்ப் படுக்க வேண்டும், பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்க வேண்டும். மின்சாரம் இல்லாத நாட்களில் அந்தப் பதிவேட்டை மண்ணெண்ணெய் வெளிச்சத்தில்தான் வாசித்திருக்க முடியும். மலிவான வெளிச்சத்தால் பிள்ளைகள் இரவில் படித்தார்கள் என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன, உண்மைதான். இரவு முழுக்க ஒரு ஊரையே கண்காணிக்கவும் அதே வெளிச்சம் அரசுக்குக் கைகொடுத்தது. சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்க 1947 ஆனது.

இதே காலத்தில் நல்ல வெளிச்சமும் வந்தது. ஜெர்மனியில் மாக்ஸ் கிரேட்ஸ் உருவாக்கிய பெட்ரோமாக்ஸ், மண்ணெண்ணெயைப் பம்ப் அடித்து அழுத்தத்தில் ஆவியாக்கி, மேண்டிலை வெள்ளையாகக் கனலவைத்தது. நம் ஊரில் அதற்கு ‘கேஸ் லைட்’ என்றுதான் பெயர். மதுரை சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபு வேரூன்றிய மண். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கிராமத்துப் பொட்டலில் விடிய விடிய நடந்ததற்குக் கேஸ் லைட்டும் ஒரு காரணம். திருவிழாவில் விளக்கைத் தலையில் சுமந்து நடந்தவர்களின் பெயர் எந்த நாடக நோட்டீஸிலும் இல்லை.

மண்ணெண்ணெயின் விலையைக் கீழக்குயில்குடியில் யாரும் தீர்மானிக்கவில்லை, மதுரையில்கூட இல்லை. இதற்குச் சரியான சாட்சி 1927-இல் வெடித்த விலைப்போர். ருஷ்யப் புரட்சியில் தன் எண்ணெய் வயல்களைப் பறிகொடுத்த ஷெல்லின் தலைவர் ஹென்றி டெட்டர்டிங், சோவியத் எண்ணெயை யாரும் வாங்கக் கூடாது என்று நின்றார். நியூயார்க் ஸ்டாண்டர்ட் கம்பெனி அதை வாங்கி இந்தியாவில் விற்றது. ஷெல் இந்தியாவில் மண்ணெண்ணெய் விலையைச் சடாரென்று வெட்டியது, ஸ்டாண்டர்டும் வெட்டியது. பாக்கு எண்ணெய் வயல்களில் போன சொத்துக்காக லண்டனும் நியூயார்க்கும் போட்ட சண்டைக்கு இந்தியக் கிராமத்து விளக்கு களமானது. வாங்குகிறவருக்குச் சில மாதம் கொண்டாட்டம். பர்மா எண்ணெய்க்காரர்கள் பாதுகாப்பு கேட்டு அரசிடம் ஓட, 1928-இல் சுங்கவரி வாரியம் விசாரணை நடத்தியது. அதே ஆண்டு பர்மா ஆயிலும் ஷெல்லும் இந்திய விற்பனையை ஒன்றாக்கிப் ‘பர்மா ஷெல்’ ஆயின. செப்டம்பரில் பெருமுதலாளிகள் ஸ்காட்லாந்தின் அக்னகாரி கோட்டையில் கூடி, சந்தையை உள்ளபடியே பங்குபோட்டுக்கொள்வது என்று ரகசியமாகக் கை குலுக்கினார்கள். கொண்டாட்டம் முடிந்தது.

1942-இல் ஒரேயடியாக இருட்டு. மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரலில் யெனாங்ஜாவுங் கிணறுகளைப் பிரிட்டிஷாரே உடைத்துக் கொளுத்திவிட்டுப் பின்வாங்கினார்கள். மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் தட்டுப்பாடும் பங்கீடும் வந்தன. மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் அடுப்புக்கரியைப் புகைத்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டும் ‘கேஸ் பிளாண்ட்’டைத் தயாரித்து விற்றது. பஸ்ஸின் முதுகில் கொதிகலன் மாதிரி ஒரு உருளை. கிளம்புமுன் கரியைப் பற்றவைத்து, விசிறி சுற்றி, வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆனாலும் ஓடியது. தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றில் இதற்கு இன்னும் பெரிய இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

விடுதலைக்குப் பின் கதை வேகமெடுக்கிறது. 1956-இல் எண்ணெய் இயற்கை எரிவாயு ஆணையம். 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ். 1969-இல் மணலியில் உற்பத்தி. இந்திய அரசோடு ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் அமெரிக்காவின் அமோகோவும் அதில் கூட்டு. ஈரான் கடலில் எடுத்த கச்சா எண்ணெய் சென்னையில் மண்ணெண்ணெயாகி மதுரைக்கு வந்தது. பர்மா ஷெல் 1976-இல் அரசுடைமையாகிப் பிறகு பாரத் பெட்ரோலியம் ஆனது. கிராமத்தில் கமலை இறைத்த கிணறுகளில் ஆயில் என்ஜின் ஏறியது. இதற்கான விதையை ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை மாகாணத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போட்டிருந்தார். மின்சார மோட்டார் வரும்வரை அதன் டக டக ஓசைதான் தோட்டத்துப் பொழுதை அளந்தது.

இப்போது ரேஷன் கடை. கீழக்குயில்குடி போன்ற ஒரு ஊருக்கு எண்ணெய்க் கிணறு எது என்று கேட்டால் ரேஷன் கடை வாசலில் நின்ற பீப்பாயைத்தான் காட்டுவேன். கள்ளச்சந்தைக்குப் போனால் தெரிய வேண்டும் என்று நீலச்சாயம் கலந்த எண்ணெய். ஆனாலும் போனது. மானிய மண்ணெண்ணெயை டீசலில் கலந்தது நாடறிந்த ரகசியம். மண்ணெண்ணெய் ஊற்றும் நாள் என்றால் விடியுமுன்பே வரிசை. கேன்களையும் பாட்டில்களையும் இடத்துக்கு வைத்துவிட்டுப் பெண்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். மின்சாரம் வந்தபின் விளக்குத் தேவை குறைந்தது. பம்ப் ஸ்டவ்வும் திரி ஸ்டவ்வும் வந்தபின் எண்ணெய் அடுப்படிக்குப் போனது. அதுவும் அவசரத்துக்குத்தான். சோறு பொங்கியது விறகில். சீமைக் கருவேலம் வறண்ட சமவெளியெங்கும் மண்டிக் கிடந்ததால் விறகுக்குப் பஞ்சமில்லை, பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும்தான் கேடு.

சமையல் கேஸ் இந்தியாவில் 1955-இல் பர்மா ஷெல்லால் பம்பாயில் அறிமுகமானது. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து, அழுத்தத்தில் திரவமாக்கி, கசிந்தால் தெரிவதற்கு நாற்ற மருந்து சேர்த்து அடைத்த சிலிண்டர். ஐம்பது ஆண்டுகள் அது நகரத்து நடுத்தர வர்க்கத்தின் பொருளாகவே இருந்தது. இணைப்புக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கிராமத்து அடுப்படியை மாற்றியது 2006-இல் பதவியேற்ற மு. கருணாநிதி அரசு ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்த இலவச கேஸ் அடுப்பும் இணைப்பும். இலவசத் திட்டங்களை ஏளனம் செய்பவர்கள் ஒருநாள் ஈரக் கருவேல விறகை ஊதிப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் உஜ்வலா அதற்கு ஒன்பது பத்து ஆண்டுகள் கழித்து, 2016-இல்தான் வந்தது. இரண்டிலும் குறை ஒன்றே: முதல் சிலிண்டருக்குப் பின் நிரப்பும் செலவு வீட்டுக்காரியின் தலையில். விலை ஏறும் மாதங்களில் கொல்லைப்புற விறகடுப்பு மறுபடி புகைகிறது.

14.2 கிலோ சிலிண்டரில் இருப்பதில் பெரும்பங்கு நம் நாட்டுச் சரக்கு அல்ல. இந்தியா எரிக்கும் சமையல் கேஸில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து ஹோர்முஸ் நீரிணையைக் கடந்து வருகிறது. அங்கே பதற்றம் என்றால் இங்கே அடுப்படியில் தெரியும். பெட்ரோலும் டீசலும் கொஞ்சம் நேரான வழியில் வருகின்றன. மணலியிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்கு மண்ணுக்கடியில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாய். ஒரே குழாயில் டீசல், அதன் வாலில் மண்ணெண்ணெய், அதன் வாலில் பெட்ரோல் என்று தடுப்பு ஏதுமின்றி ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுகிறார்கள். இரண்டு சரக்கு சேருமிடத்தில் கலக்கும் கொஞ்சத்தை அடர்த்தி பார்த்துத் தனியே பிரித்துவிடுவார்கள்.

அடுப்பையும் வண்டியையும் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். பழைய டின் வாளியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு குழாயடியில் வரிசை நிற்கும் பிளாஸ்டிக் குடமும் எண்ணெயின் வாரிசுதான். ஊர்ச் சாலையின் தார் சுத்திகரிப்பு ஆலையின் அடிமண்டி. வயலில் வீசும் யூரியா இன்னும் நெருங்கிய உறவு. காற்றின் நைட்ரஜனோடு சேர்க்கும் ஹைட்ரஜனை நாஃப்தாவிலிருந்தோ இயற்கை எரிவாயுவிலிருந்தோதான் பெருமளவில் எடுக்கிறார்கள். தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை 1975 முதல் நாஃப்தாவில் ஓடியது. 2021 பிப்ரவரி 17 அன்று ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த வாயு ஸ்பிக்குக்குப் போகிறது. ஆகவே சமணர் மலையடிவாரத்து நெல்லுக்கு விழும் யூரியாவில் ராமநாதபுரத்து மண்ணின் வாயுவும் கொஞ்சம் இருக்கக்கூடும். விளக்குத் தூண் காலத்துக்குப் பிறகு பக்கத்து மண்ணின் எரிபொருள் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பது இப்போதுதான்.

அந்தப் பக்கத்து மண்ணில் இருப்பவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? 2017 பிப்ரவரியில் நெடுவாசல் ஏன் கொதித்தது? அதே ஆண்டு ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்த வயலில் நடந்தது என்ன? 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டத்தில் எது நின்றது, எது விடுபட்டது? அடுத்த வாரம் நரிமணத்திலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)